அவிழ்க்காத துவாய்

மகன்,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அப்போதே சொன்னேன். இன்றைக்கு நேற்று அல்ல, வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய காலத்திலேயே சொன்னேன். அப்போது எனக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. கப்பல்கள் என்னைக் கேட்டுத்தான் உட்துறைமுகத்துக்குள் வரும் என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஆனாலும் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. தளத்துப் பெரிய துரை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, நாங்கள் போன பிறகு உங்கள் நாடு எப்படிப் போகும் என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "துரை, முதலில் கை எண்ணுவார்கள். பிறகு, கை கூடியவர்கள் கை குறைந்தவர்களை மிதிப்பார்கள். கடைசியில் எல்லோரும் களைத்துப்போய், ஒரே ஒருவர் சொன்னால் போதும் என்று ஆள் தேடுவார்கள்" என்றேன். துரைக்கு வாயடைத்துப் போய்விட்டது. நான் இதை எழுதும்போது உன் குஞ்சியம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "துரை கேட்டது சப்பாத்து மினுக்கியாச்சா எண்டு. நீங்க சொன்னது ஓம் எண்டு. நடந்தது அவ்வளவுதான்" என்கிறாள். அவள் அப்போது என்னைக் கல்யாணமே முடிக்கவில்லை, அவளுக்கு என்ன தெரியும்? ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன்தான் நான். ஆனால் நாடு போகிற போக்கை மோப்பம் பிடிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டதில்லை.

நான் மோப்பம் பிடிக்கத் தவறியது ஒன்றே ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வாய் திறந்தாயே, அது. "குஞ்சியப்பா, வாக்குப் போடுற கதை இனிச் சரிவராது. நாங்க எத்தினை கை தூக்கினாலும் அங்கால கூட. எங்களுக்கு எண்டு ஒருத்தர் இருக்கிறார். அவர் சொல்லுவார், நாங்க செய்வம். வெள்ளிக்கிழமை நான் அவரிட்டப் போறன்" என்றாய். குஞ்சியம்மா கையில் பிடித்திருந்த அகப்பையிலிருந்து சொதி நிலத்தில் வடிந்துகொண்டே இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. நான் வழக்கம்போலப் பகிடி விட்டுப் பார்த்தேன். "எங்க போறாய், புல்மோட்டைக் கம்பனிக்கு மண் அள்ளவோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. வாசலில் சைக்கிளோடு நின்ற உன் சிநேகிதன்தான் பதில் சொன்னான். "அவர் சொல்லிப்போட்டார் மாமா. இனிக் கதைச்சு வேலையில்லை." பிறகு நீ எழும்பிக் கை கழுவிக்கொண்டே, "அப்பா மாதிரி ஒருக்கா நிண்டு காட்டுறன்" என்றாய். மகன், என் வாழ்க்கையில் எனக்கு வாய் வராமல் போனது இரண்டே தடவைதான். அது இரண்டாவது. முதலாவதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் சிநேகிதர்களும் வாசிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் வாசிக்கட்டும். யாராவது ஒருவர் "கிழவன் புலம்புகிறான்" என்று சொல்லிக்கொண்டாவது கடைசிவரை வாசித்தால் போதும். உன்னை நான் பெறவில்லை, என் அண்ணன் பெற்றார். ஆனால் உனக்கு மூன்று வயதிலிருந்து என் கையில்தான் வளர்ந்தாய். உன் அம்மா காய்ச்சலில் போனது முதல் குஞ்சியம்மாதான் உனக்குத் தலை வாரினாள். அதனால் மகன் என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறது. பயப்படவும் உரிமை இருக்கிறது. நான் பயந்தவன் அல்ல என்பது ஊருக்கே தெரியும். கப்பல்துறையில் சுறா ஒன்றை வெறுங்கையால் அடித்துத் துரத்தியவன் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு படலை திறக்கிற சத்தம் கேட்டாலே எழும்பி வாசலுக்கு ஓடுகிறேன்.

முதலில் உன் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்தில் துவக்கோடு நின்ற ஆமிக்காரன் உன்னை மறித்துத் தன் மொழியில் கேட்டான், நீ உன் மொழியில் பதில் சொன்னாய், கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தாய். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் கொழும்பில் எழும்பி நின்று பேசினார்கள், உட்கார்ந்தார்கள், பிறகு கைகள் எண்ணப்பட்டன, நாங்கள் தோற்றோம். அடுத்த முறையும் அதேதான். எங்கள் மொழியைப் பறித்ததும் கையை எண்ணித்தான். கையை எண்ணினால் நியாயம் வரும் என்று எவன் சொன்னான் என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியும் மகன், வராது. உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நான் ஒரு காலத்தில் கை கூடிய பக்கத்தில் இருந்தவன்.

கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய லோஞ்சுகளுக்கு ஒரு சங்கம் இருந்தது உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் வேலை போனவர்களில் பாதிப் பேர் அதில்தான் வந்து விழுந்தோம். நான் இல்லாவிட்டால் அந்தச் சங்கமே இல்லை. (குஞ்சியம்மா இருமுகிறாள்.) நகரத்துப் படகுகள் ஒன்பது, மூதூர்ப் பக்கத்துப் படகுகள் மூன்று. எந்தப் படகு எந்த நாள் ஓடும் என்பதைக் கூட்டம் கூட்டிக் கையைத் தூக்கி முடிவெடுப்போம். முழுச் சனநாயகம். ஒவ்வொரு வருஷமும் வாடைக்காற்று தொடங்கி, குடா பொங்கி, ஆட்கள் வரப் பயப்படுகிற மாதங்களின் ஓட்டம் அந்த மூன்று படகுகளுக்கே விழும். ஒன்பது கை மேலே போகும், மூன்று கை மேலே போகும், கூட்டம் முடியும். மூதூர்ப் பக்கத்து எஞ்சின்காரர் காசிம் காக்கா ஒரு முறை எழும்பி, "தம்பிமாரே, ஒவ்வொரு முறையும் எண்ணத்தான் வேணுமா? இஞ்ச ஆருக்கும் கை முளைக்கப் போறதும் இல்ல, உதிரப் போறதும் இல்ல" என்றார். நாங்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், வெல்கிறவனுக்கு அது அநியாயமாகவே தெரிவதில்லை மகன். எல்லாம் ஒழுங்குப்படிதானே நடந்தது என்றுதான் தெரியும். இன்றைக்குக் கொழும்பில் கை தூக்குகிறவர்களும் அப்படித்தான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

நியாயம் வராதது ஒரு பக்கம். வேலை நடக்காதது இன்னொரு பக்கம். எங்கள் கூட்டங்களை நீ பார்த்திருக்க வேண்டும். லோஞ்சு கட்டுகிற ஜெட்டியின் பலகை உடைந்து ஒரு கிழவி இடுப்பளவு தண்ணீரில் விழுந்த பிறகும், புதுப் பலகை முதிரை மரமா பாலை மரமா என்று மூன்று கூட்டம் சண்டை பிடித்தோம். நான் பாலைக்காகப் பேசிய பேச்சைக் கேட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். பலகை மட்டும் போடப்படவில்லை. ஆளுக்கு ஆள் ஆட்களை இழுத்துப் பறித்து அளவுக்கு மேல் ஏற்றினார்கள். யார் கேட்பது? கேட்டால், "நீ ஆர் என்னைக் கேக்க? உனக்கும் ஒரு கை, எனக்கும் ஒரு கை" என்பார்கள். அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் வித்தியாசமாக நின்றார். பெயர் மயில்வாகனம். அவரைப் போல ஒரு தண்டயல் இந்தக் குடாவில் சுக்கான் பிடித்ததில்லை.

ஒரு வாடைக் காலத்தில் நடுக்குடாவில் அவருடைய லோஞ்சின் எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கல்யாண வீட்டுச் சனம். அலை ஒவ்வொன்றும் தென்னை உயரம். சரி, அரைத் தென்னை. உன் அப்பா அந்தப் பயணத்தில் அவருக்கு உதவியாளாக இருந்தார். சனம் எல்லாம் ஒரே பக்கம் ஓட, லோஞ்சு சரிந்தது. மயில்வாகனத்தார் ஒரு சத்தம் போட்டாராம். "இரு! எல்லாரும் நிலத்தில இரு! வாய் திறக்கிறவனைத் தூக்கிக் கடலுக்க போடுவன்!" மாப்பிள்ளையின் தகப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவருக்கும் அதேதான். எல்லோரும் இருந்தார்கள். பாயைக் கிழித்து, கம்பில் கட்டி, காற்றை வாங்கி, ஒரு உயிர் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தார். அந்த நேரத்தில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணி முடிய ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். இதை நான் மறுக்கவில்லை. ஒருவர் சொல், மற்றவர் கேள் என்பதற்கு ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் கடல்.

அதனால்தான் எங்கள் லோஞ்சுக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தண்டயல் ஏறும்போது தலையில் துவாயைச் சுற்றிக் கட்டுவார். கட்டினால் அவர் சொல்தான் சட்டம், சொந்த மாமனாராக இருந்தாலும் எதிர்க்கதை பேசக்கூடாது. லோஞ்சு கரையில் முட்டியதும் முதல் வேலையாக அந்தத் துவாயை அவிழ்த்துத் தோளில் போடுவார். போட்டால், அதோடு அவர் எங்களில் ஒருவர். கயிறு இழுக்கிற கடைசி ஆளும் அவரைப் பார்த்து, "என்ன தண்டயல், கல்லுக்குக் கிட்டவா விடுறது? கண்ணை அடகு வச்சிற்றா வந்தனீங்கள்?" என்று ஏசலாம். ஏசுவார்கள். உன் அப்பா சுக்கான் பிடிக்கத் தொடங்கிய புதிதில் நானே அவரை ஏசியிருக்கிறேன், அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டு நிற்பார். அண்ணனை ஏச எனக்கு வேறு எங்கேயும் வாய்ப்புக் கிடைத்ததில்லை என்பதால் நன்றாகவே ஏசுவேன்.

கல்யாணச் சனத்தைக் காப்பாற்றிய பிறகு வந்த கூட்டத்தில் ஒருவர் எழும்பி, இனிக் கூட்டமே வேண்டாம், எல்லாவற்றையும் மயில்வாகனத்தாரிடம் கொடுத்துவிடுவோம் என்றார். "எவ்வளவு காலத்துக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "நிலைமை சீராகிற வரைக்கும்" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. ஒன்பதுக்கும் பிடித்தது, மூன்றுக்கும் பிடித்தது. காசிம் காக்காவே இரண்டு கையையும் தூக்கினார். கூட்டம் நடந்த கொட்டிலில் அன்றைக்குத் தூக்காத கை ஒன்றே ஒன்று. உன் அப்பாவின் கை. நான் உனக்கு எத்தனையோ தடவை சொன்ன கதைதான். அண்ணன் எழும்பி நின்றார். கூரையில் இருந்த காகம்கூடக் கத்தவில்லை. "அண்ணே, கடலில நீங்க சொன்னா நான் சாவன். கரையில நீங்க சொன்னா நான் கேள்வி கேப்பன்" என்றார். மயில்வாகனத்தார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். பிறகு அண்ணன் தன்னந்தனியே வெளியே நடந்து போனார். இந்தக் கதையைச் சொல்லித்தான் உன்னை நான் நித்திரையாக்கினேன், இந்தக் கதையைச் சொல்லித்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.

முதல் வருஷம் தங்கமான வருஷம். பொய் சொல்ல மாட்டேன். ஒரே நாளில் மயில்வாகனத்தார் ஜெட்டிக்குப் பலகை போட்டார். முதிரை. என்னிடம் கேட்கவும் இல்லை. அளவுக்கு மேல் ஒருவரை ஏற்றினால் அந்தப் படகு கரையில் கிடக்கும். வாடைக்கால ஓட்டத்தைப் பன்னிரண்டு படகுக்கும் சமமாகப் பிரித்தார். நாங்கள் கையை எண்ணி எண்ணிக் கொடுக்க மறுத்த நியாயத்தை அவர் ஒரே சொல்லில் கொடுத்தார். காசிம் காக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா தம்பி, ஒரு நல்ல மனுசன் போதும், உங்கட ஒன்பது கையும் என்னத்துக்கு?" என்றார். உன் சிநேகிதன் சைக்கிளோடு நின்று சொன்னதும் அதே கதைதான். அதனால்தான் அவனை நான் ஏசவில்லை. ஒரு நல்ல மனிதர் கிடைத்துவிட்டால் எவ்வளவு இலேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். யோசிக்க வேண்டாம், சண்டை பிடிக்க வேண்டாம், இன்னொருவன் மூஞ்சியைப் பார்த்துக் கெஞ்ச வேண்டாம். காலையில் வந்தால் அவர் சொல்லியிருப்பார்.

பிறகு ஒரு நாள், என்ன நாள் என்று ஞாபகமில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, அவர் கரைக்கு வந்து இறங்கினார், துவாயை அவிழ்க்கவில்லை. தலையில் கட்டியபடியே ஜெட்டியில் நடந்து, கட்டியபடியே தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்தார். மறந்துபோனார் என்று நினைத்தோம். களைப்பு என்று நினைத்தோம். அடுத்த நாளும் அப்படியே. கடைக்காரர் மட்டும், "என்ன தண்டயல், இஞ்சயும் அலையோ?" என்று சிரித்துக் கேட்டார். மயில்வாகனத்தார் சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கடையில் எங்கள் ஆட்கள் தேத்தண்ணி குடிக்கவில்லை. குடிக்கக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை மகன், கோயிலில் கும்பிட்டுச் சத்தியம் பண்ணுவேன், அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களாகவே போகவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம், போகவில்லை. நான் இரண்டு கடை தள்ளிப் போய்த் தண்ணிக் கலரில் இருந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இதுதான் ருசி என்று எல்லோருக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வாடை தொடங்கியது. மூதூரில் யாரோ பெரிய ஆள் வந்து நிற்கிறார், அவரை அழைத்துவர ஒரு லோஞ்சு வெறுமையாகப் போக வேண்டும் என்று மயில்வாகனத்தார் சொன்னார். உன் அப்பாவைப் போகச் சொன்னார். அன்றைய கடலை என்னால் இன்னும் மறக்க ஏலாது. கோணேசர் மலைப் பக்கம் வானம் கருஞ்சட்டி மாதிரி. ஜெட்டியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும், இது ஓடுகிற கடல் இல்லை. பழைய நாளாக இருந்தால் கயிறு இழுக்கிறவன் முதல்கொண்டு எல்லோரும் சேர்ந்து தண்டயலைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், "விசரே உனக்கு? இந்தக் காத்துக்கயோ?" என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவர் தலையில் கட்டியிருந்த துவாயைப் பார்த்தோம். எஞ்சினுக்குப் போன காசிம் காக்கா மட்டும் உன் அப்பாவின் காதில், "தம்பி, காத்துச் சரியில்ல" என்றார். உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "சொல்லிப்போட்டார்." கயிற்றை அவிழ்த்துவிட்டது நான். எனக்கு முதன்முறையாக வாய் வராமல் போனது அப்போதுதான். வீட்டில், கடையில், கோயிலில், சவ வீட்டில்கூட ஓயாமல் கதைக்கிற வாய்.

காசிம் காக்கா ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் மத்தியானம் சாம்பல்தீவுப் பக்கம் கரை ஒதுங்கினார். உன் அப்பா ஒதுங்கவில்லை. அந்தப் பெரிய ஆள் அன்றைக்கு மூதூருக்கு வரவே இல்லையாம், யாரோ பிழையாகச் சொல்லிவிட்டார்கள். பிழையான சேதி என்று அறிந்தவன் ஒருவன் இருந்தானாம், அவனும் சொல்லவில்லை. மயில்வாகனத்தாருக்குப் பிழை காட்டிப் பழக்கம் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. இதை நன்றாக யோசி மகன். அவர் கெட்டவராகிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் குருடாகிவிட்டார். நாங்கள் ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினோம்.

உன் அப்பாவுக்குச் சடங்கு முடிந்த பிறகு சிலர் குசுகுசுத்தார்கள், மாற்ற வேண்டும் என்று. எப்படி மாற்றுவது? கூட்டம் இல்லை. கூட்டம் கூட்ட அவர்தான் சொல்ல வேண்டும். நிலைமை சீராகிவிட்டதா இல்லையா என்று முடிவு செய்வதும் அவர்தான். முன்பு, வருஷா வருஷம் நடக்கிற சங்கத் தெரிவில் பிழையான ஆள் வந்துவிட்டால், அடுத்த வருஷம் வரட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்போம். இப்போது எண்ணுவதற்கு நாளே இல்லை. ஒரு மனிதன் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தபோது, மகன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்களில் சிலர் தேங்காய் உடைத்தார்கள். நல்ல மனிதராகத் தொடங்கியவர் அவர். அவருடைய நோய்க்காக நாங்கள் கும்பிட வேண்டியதாயிற்று. வாக்குப் போடுவதில் நான் கண்ட பிரயோசனம் இது ஒன்றுதான், பெரிதாக வேறு ஒன்றும் இல்லை: யாருடைய சாவுக்காகவும் காத்திருக்காமல் ஒருவரை இறக்கிவிடலாம். அது நியாயம் தராது, சோறு தராது, பலகையைக்கூடப் போடாது. ஆனால் துவாயை அவிழ்க்க வைக்கும்.

இப்போது கொழும்பிலும் அந்தக் கதை வந்துவிட்டது. தேர்தல் வேண்டாம், இருக்கிறவர்களே இன்னும் கொஞ்சக் காலம் இருக்கட்டுமா என்று எங்களிடமே கேட்டு வாக்கெடுக்கிறார்கள். வானொலியில் அதைக் கேட்டபோது எனக்குக் கொட்டிலில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. அதனால் அங்கே இருப்பது நல்லது, நீ போகிற இடம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் பயம். ஆனால் அந்தப் பக்கத்தில் நீ இல்லை. இந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாய். உன்னுடைய அவரை நான் பார்த்ததில்லை. நல்லவராகவே இருக்கட்டும். மயில்வாகனத்தாரைவிட நல்லவராக இருக்கட்டும். நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவரை யாராவது முகத்துக்கு நேரே, "என்ன, கண்ணை அடகு வச்சிற்றா வந்தனீங்கள்?" என்று கேட்டு, கேட்டவன் அடுத்த நாள் அதே இடத்தில் இருந்து சோறு சாப்பிட்டதை நீ பார்த்திருக்கிறாயா? பார்த்திருந்தால் போ, நான் கயிறு அவிழ்த்துவிடுகிறேன். பார்க்கவில்லை என்றால், உன் சிநேகிதன் வாசலில் வந்து "சொல்லிப்போட்டார்" என்கிறபோது எனக்கு ஏன் உன் அப்பாவின் குரல் கேட்டது என்று உனக்குப் புரியும்.

குஞ்சியம்மா இவ்வளவையும் வாசித்துவிட்டு, என் கையிலிருந்து பேனையை வாங்கி வைத்துவிட்டாள். பிறகு, "மிச்சத்தையும் எழுதுங்கோ" என்று சொல்லித் திரும்பத் தந்தாள். நான் உனக்குச் சொன்னதில் எது உண்மை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

துரை என்னைக் கேட்டது, சுறாவை அடித்தது, தென்னை உயர அலை, இவை எல்லாம் பகிடி, உனக்கும் தெரியும், நீயும் சின்ன வயதிலிருந்தே சிரிப்பாய். ஆனால் ஒன்றை நீ சிரிக்காமல் கேட்டாய். பள்ளிக்கூடத்தில் யாரோ, உன் தகப்பன் என்ன செய்தவர் என்று கேட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அதனால் செய்து கொடுத்தேன். அண்ணன் அன்றைக்கு எழும்பவில்லை மகன். கேள்வி கேப்பன் என்று சொல்லவில்லை. காகம் கத்திக்கொண்டுதான் இருந்தது. கொட்டிலில் முதலில் மேலே போன கை அவருடைய கைதான். கல்யாணச் சனத்தைக் காப்பாற்றிய லோஞ்சில் இருந்தவர் அவர், மயில்வாகனத்தாரைத் தெய்வமாகக் கும்பிட்டவர். மயில்வாகனத்தாருக்கும் அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. இருந்தவர்களுக்குள் அவரைத்தான் ஆகப் பிடிக்கும். ஆகப் பிடித்தவர் என்றுதான் அன்றைக்கு அவரை அனுப்பினார். "சொல்லிப்போட்டார்" என்பதையும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னார் என்று காசிம் காக்கா சொன்னார்.

அப்பா மாதிரி நிற்கப்போகிறாய் என்றாய். அவர் நிற்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடி கையைத் தூக்கினார்.

குஞ்சியப்பா